தலையணைக்கு அடியில் ஒரு டப்பா

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. உன் மகள் பட்டாணி நன்றாக இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே போட்டுவிட்டேன், ஏனென்றால் உன்னை எனக்குத் தெரியும். உறையைப் பிரிப்பதற்குள் பாதி அழுது முடித்திருப்பாய். இப்போது கண்ணைத் துடைத்துக்கொள். நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரிய அம்மாளைப் படுக்க வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் படி. எல்லாம் நல்லபடியாக முடிந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் பட்டாணி என் தோளுக்கு மேலே நின்று ஒட்டுக் கேட்கிறாள். (தோளுக்கு மேலே என்பது இப்போது நிஜம். அதைப் பிறகு சொல்கிறேன்.) ஒரு விஷயத்தை உன்னிடம் போனில் சொல்லவே கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கடிதம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. ஆகவே நான் சத்தியத்தை மீறவில்லை, பக்கத்துச் சந்து வழியாகப் போகிறேன்.

விஷயம் இதுதான். அந்த மயக்க மருந்து டாக்டரம்மாவைத் திட்டுவதை இன்றோடு நிறுத்து. முதலில் குறித்த தேதியிலேயே ஆபரேஷன் நடந்திருந்தால் நீ இங்கே இருந்திருப்பாய். அந்தப் பத்து நாள் லீவுக்கு நீ என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். டாக்டர் லீவில் போய்விட்டார், அதனால் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று பட்டாணி போனில் சொன்னதும் நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ‘அவங்களுக்கு ஊர் சுத்தணும், என் லீவு என்ன ஆனா என்ன’ என்றாய். மருத்துவமனைக்குப் புகார் எழுதப் போவதாகப் போன வாரம்கூடச் சொன்னாய். எழுதாதே. அந்த அம்மா எங்கேயும் போகவில்லை. தள்ளிப் போட்டதற்குக் காரணம் வேறு. அதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

முதுகு வளைந்திருக்கிறது, கம்பி வைத்து நிமிர்த்த வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொன்னபோது நீயும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். பெல்ட் போட்டும் வளைவு நிற்கவில்லை, இன்னும் விட்டால் மூச்சு விடுகிற இடத்தை நெருக்கும் என்றார். உனக்குக் கம்பியை நினைத்துப் பயம். எனக்கு ரத்தத்தை நினைத்துத்தான். முதுகை மேலிருந்து இடுப்பு வரை திறக்க வேண்டும். முதுகெலும்பில் வரிசையாகத் துளை போட்டுத் திருகாணி முடுக்க வேண்டும். எலும்பில் கசிகிற ரத்தத்தை நூலால் கட்டி நிறுத்த முடியாதாம். இவளோ ஒரு கைப்பிடிப் பெண், இவள் உடம்பில் இருப்பதே கொஞ்சம். போதாததற்கு அவள் அப்பாவுக்கு இருந்த அதே அபூர்வமான ரத்த வகை. அவர் போன பிறகு நம் வீட்டில் யாருக்கும் அது கிடையாது. உன் மாமா நம் லாண்டரியில் வண்டி ஓட்டுகிறவர்களை எல்லாம் திரட்டிக்கொண்டு போய் ஊசி குத்த வைத்தார். ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தது மட்டும் மாமா.

என் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மருத்துவமனைத் துணியெல்லாம் வருஷக்கணக்காக நம் லாண்டரிக்குத்தான் வருகிறது என்பது உனக்குத் தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் விரிக்கும் பச்சைத் துணிகளைத் தனி மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். கையுறை மாட்டிக்கொண்டு அந்த மூட்டையைப் பிரிப்பது நான்தான், வேலைக்காரப் பெண்களை விடுவதில்லை. எந்த ஆபரேஷன் லேசாக முடிந்தது, எது பாடாய்ப் படுத்தியது என்று துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சில மூட்டைகளைப் பிரித்துவிட்டு அன்று முழுக்கச் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன். முதுகு ஆபரேஷன் துணியும் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததே நல்லது என்று அப்போது சொல்லவில்லை.

அந்த டாக்டரம்மாவை முதல் தடவை பார்த்தபோது எனக்கும் பிடிக்கவில்லை. குள்ளமாக, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சர் மாதிரி பார்த்தார். ரத்தம் கிடைக்குமா என்று நான் கேட்டேன். ‘கிடைக்கறது கஷ்டம். ஒரு பை சொல்லி வச்சிருக்கேன். ஆனா வெளியிலேருந்து ஏத்தறதைவிட உள்ள இருக்கறதைப் போகாம பாத்துக்கறதுதான் என் வேலை. அதுக்கு இன்னைக்கே ஆரம்பிக்கணும்’ என்றார். ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. இன்றைக்கே என்ன ஆரம்பிக்க என்று எனக்குப் புரியவில்லை.

ஆரம்பித்தது இரும்புச் சத்து மாத்திரை. பட்டாணிக்கு ரத்தத்தில் சத்து குறைவாக இருந்தது. நிரப்பி வைத்துக்கொண்டு போனால்தான் கொஞ்சம் போனாலும் தாங்கும் என்றார். மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு போட வேண்டும். டீயும் பாலும் அந்தப் பக்கமே வரக் கூடாது, அவை இரும்பை உடம்பில் சேர விடாதாம். உன் மகள் டீ இல்லாமல் எழுந்திருக்க மாட்டாளே! அவளுக்குத் துணையாக நானும் விட்டேன், மாமாவும் விடுவதாகப் பெரிய வீரம் பேசினார். நாலாம் நாள் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் குந்திக்கொண்டு டம்ளரோடு பிடிபட்டார். ‘இது டீ இல்ல, சுடுதண்ணி’ என்றார். பட்டாணி டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, ‘சுடுதண்ணியில சக்கரை கொஞ்சம் தூக்கல், பெரியப்பா’ என்று திருப்பிக் கொடுத்தாள். அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அளவு நன்றாக ஏறியிருந்தது. அன்று நான் உனக்குப் போன் செய்து குதித்தது ஞாபகம் இருக்கும்.

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஒருவர் கோட்டுப் பையில் பேனா உடைந்து மை கொட்டி, அதை வெந்நீரில் போட்டு கோட்டு முழுக்கப் பரப்பி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நாளைக்கே வேண்டுமாம். இப்படிப்பட்ட புத்திசாலிகள் இருக்கும்வரை நமக்குப் பிழைப்பு ஓடும். சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

ரத்தம் பார்த்த அன்றே, ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கடைசியாக ஒரு முறை வரச் சொன்னார். வரும்போது அவள் வாயில் போடுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வர வேண்டும் என்று கண்டிப்பு. அவள் வேறொன்றும் சாப்பிடுவதில்லை என்றேன். ‘சமையல் அலமாரியில, ஸ்கூல் பையில, தலையணைக்கு அடியில எல்லாம் தேடிப் பாத்துட்டு சொல்லுங்க’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்களைத் திருடர்கள் என்று நினைத்தாரா என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பட்டாணி நேரே படுக்கைக்குப் போய்த் தலையணைக்கு அடியிலிருந்து அந்த நீல மூடி போட்ட டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

நீ அனுப்பிய டப்பாதான். மிட்டாய் என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே மீன் எண்ணெயும் பூண்டுச் சத்தும் அடைத்த மஞ்சள் குமிழ்கள். முதுகு வலித்தால் போட்டுக்கொள்ளச் சொல்லி நீ வைத்த வெள்ளை மாத்திரைகள். தபால் செலவு மிச்சம் என்று இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி அனுப்பியிருக்கிறாய். இந்தச் சிக்கன புத்தி நம் இரண்டு பேருக்கும் எங்கிருந்துதான் வந்ததோ.

டாக்டரம்மா அவற்றை மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்தார். ‘தினமும் எத்தனை?’ என்றார். ராத்திரி படுக்கும்போது ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை என்றாள் பட்டாணி. தினமும் வலிக்குமா என்று கேட்டார். வலிக்காத நாளிலும் போடுவேன் என்றாள். ஏன் என்றதற்கு, ‘அம்மா அனுப்பினது. போட்டா அம்மா பக்கத்துல படுத்திருக்கற மாதிரி இருக்கும்’ என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் விளக்கினார். வெள்ளை மாத்திரை ரத்தத்தைச் சட்டென்று உறைய விடாது. மஞ்சளும் அந்தப் பக்கம்தான் சாயும். சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் முதுகைத் திறந்து வைத்திருக்கும்போது உறையாமல் கசிந்துகொண்டே இருந்தால், கையில் இருப்பது ஒரே ஒரு பை. ஆகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடம்பு தானாகச் சரியாகும்வரை காத்திருக்க வேண்டும், தேதியை மூன்று வாரம் தள்ளிப் போடுகிறேன் என்றார். நீ டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய், லீவு வீணாகிவிடும் என்று நான் கெஞ்சினேன். ‘அவங்கம்மா வந்து உக்காந்திருக்கறதுக்காக நான் ரிஸ்க் எடுத்தா, அவங்கம்மாவே என்னை மன்னிக்க மாட்டாங்க’ என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். கேட்காமல் கொள்ளாமல் ஏன் அனுப்பினாய் என்று உன்னை நாலு வாங்கு வாங்க வேண்டும் போல் இருந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ‘திட்டாதீங்க. அம்மா குடுக்கறதை யாரும் மருந்துன்னு நினைக்கறதே இல்ல. கேட்டா ஒண்ணும் சாப்பிடலன்னுதான் சொல்வாங்க. அதனாலதான் பையில போட்டுக் கொண்டு வரச் சொல்றேன். பாதிப் பையில இந்த மாதிரி ஏதாவது இருக்கும்’ என்றார். வெளியே வந்ததும் பட்டாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘பெரியம்மா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. அவங்களாலதான் அவங்க வர முடியலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. டாக்டர் லீவுன்னு நான் சொல்லிக்கறேன்’ என்றாள். சத்தியம் அங்கேதான் வாங்கினாள், மருத்துவமனைப் படிக்கட்டில். அப்புறம் நீ போனில் டாக்டரைத் திட்டத் திட்ட, இவள் ‘ஆமாம்மா, ஆமாம்மா’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆபரேஷன் நாளைச் சொல்கிறேன். போனில் நான் உனக்கு ‘நல்லா முடிஞ்சிடுச்சு’ என்று இரண்டே வார்த்தையில் சொன்ன நாள்.

முந்தின நாளே அந்த அம்மா வந்து எனக்குப் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். குப்புறப் படுக்க வைப்பார்களாம், ஆனால் வயிறு எதிலும் அழுந்தாமல் தொங்குகிற மாதிரி மெத்தைகளை வைப்பார்களாம். வயிறு நசுங்கினால் ரத்தம் முதுகுப் பக்கம் ஏறிக் கசிவு அதிகமாகுமாம். ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருப்பார்களாம். உறைந்த இடம் மறுபடி கரையாமல் இருக்க ஒரு மருந்து சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்குமாம். அதற்கும் மேலே ஒரு இயந்திரம். காயத்தில் சேரும் ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, சுற்றிச் சுழற்றி, உப்புத் தண்ணீரில் கழுவி, அவளுக்கே திருப்பி ஏற்றுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் ரத்தக் கறையைக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில்தான் கழுவுவோம் என்றேன். ‘அப்ப நீங்களும் நானும் ஒரே தொழில்தான்’ என்றார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

காலையில் உள்ளே கொண்டு போனார்கள். காத்திருக்கும் அறையில் பச்சை நாற்காலிகள், ஓடாத மின்விசிறி ஒன்று, பழைய பத்திரிகைகள். மாமா ஒரே பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் படித்தார். மதியத்துக்கு மேல் ஒரு நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, சுவரில் இருந்த போனை எடுத்து, ரத்த வங்கியைக் கூப்பிட்டாள். ‘அந்த ஒரு பை இருக்கில்ல, ரெடியா வைங்க, சொன்ன உடனே அனுப்பணும்’ என்றாள். எங்களைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். எத்தனை மூட்டை பிரித்திருக்கிறேன், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு பை முடிந்தால் அடுத்தது எங்கே என்ற கேள்வியைத் தவிர வேறெதுவும் தலையில் இல்லை. நீ இல்லாதபோது உன் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்து அழுதேன். மாமா என்னைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று அவரும் அழுதார்.

சாயங்காலம் டாக்டரம்மாவே வெளியே வந்தார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. கடைசித் திருகாணிகள் போடும்போது கசிவு கொஞ்சம் அதிகமானதாம். வேலையை நிறுத்தி, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு காத்திருந்தார்களாம். அதற்குள் இயந்திரம் கழுவிய ரத்தம் உள்ளே போக, கசிவும் அடங்கிவிட்டது. அந்தப் பையைக் கேட்கவே இல்லை. ‘அவ ரத்தம் அவகிட்டயே இருக்கு. வேற யாரோடதும் தேவைப்படல’ என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடத் தெரியவில்லை. முன்பு குறித்த தேதியிலேயே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பிள்ளை உள்ளே நன்றாக இருக்கும்போது அந்தக் கேள்வி எதற்கு? எடுத்து வைத்திருந்த பை அன்று இரவே பிரசவத்தில் இருந்த, இதே ரத்த வகை உள்ள ஒரு பெண்ணுக்குப் போனதாக நர்ஸ் பிறகு சொன்னாள். அவளும் பிழைத்தாளாம்.

பட்டாணி கண் விழித்ததும் கால் விரலை ஆட்டச் சொன்னார்கள், ஆட்டினாள். தொண்டை வறண்டு போய்க் குரலே வரவில்லை. நான் காதைக் கொண்டு போய் வைத்தேன். வலிக்குது என்பாள், தண்ணி என்பாள் என்று நினைத்தேன். ‘அம்மாகிட்ட சொல்லலல்ல?’ என்றாள். அவளுக்கு முதலில் வந்த கேள்வி அதுதான். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் நின்றேன்.

மறுநாள் தியேட்டர் மூட்டை கடைக்கு வந்தது. மாமா வேண்டாம் என்றார், நான்தான் பிரித்தேன். எது அவளுடையது என்று எழுதியா வைத்திருப்பார்கள்? ஆனால் முதுகு ஆபரேஷனுக்கு விரிக்கிற நீளத் துணி எனக்குத் தெரியும், அன்று அது ஒன்றுதான் இருந்தது. நான் பயந்ததில் கால்வாசிகூட இல்லை. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அவ்வளவுதான். பெரிய மெஷினில் போட மனம் வரவில்லை. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் தனியாக ஊற வைத்து, கையால் கசக்கி அலசினேன். தண்ணீர் சிவந்து, வெளுத்து, தெளிந்தது. துணி சுத்தமானதும் அதைப் பிழிந்து வைத்துக்கொண்டு, தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து விட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.

இப்போது அவள் நடக்கிறாள். முதுகு பலகை மாதிரி நேராக இருக்கிறது. குனியக் கூடாது என்பதால் கீழே விழுந்ததை எல்லாம் என்னை எடுத்துத் தரச் சொல்லி அதிகாரம் செய்கிறாள். வளைவு நிமிர்ந்ததில் உயரம் கூடிவிட்டது. சுவரோரம் நிறுத்திப் பார்த்தோம், என்னைத் தாண்டிவிட்டாள். பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. இனிமேல் தன்னைப் பட்டாணி என்று கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். மாமா உடனே முருங்கைக்காய் என்று மாற்றிவிட்டார்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அந்த டாக்டரைப் பற்றி நீ தப்பாக நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, ரத்தம் ஊறுவதற்குப் புதிதாக ஒரு டானிக் வாங்கி வைத்திருப்பதாக நேற்று நீ சொன்னது. நீ அனுப்பினால் அவள் சாப்பிடுவாள். டாக்டர் வேண்டாம் என்றாலும் யாருக்கும் தெரியாமல் ஒரு வாயாவது சாப்பிடுவாள், நீ அனுப்பியது என்பதற்காக. அந்த நீல மூடி டப்பாவை அவள் தூக்கிப் போடவில்லை. கழுவித் துடைத்துத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறாள், காலியாக. அது கழுத்தில் உறுத்தப் போகிறது என்று நான் எடுத்தால் கோபம் வருகிறது.

நடந்ததற்காக நீ உன்னை நொந்துகொள்ளக் கூடாது. இது அக்காவின் கட்டளை. தூரத்தில் இருக்கிற தாய் வேறு எதைத்தான் அனுப்புவாள்? நீ அனுப்பியது தப்பு என்று உன் மகள் ஒரு நாளும் நினைக்கவில்லை. உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் பயந்தாள். ஆகவே உனக்குத் தெரியும் என்று நீயும் அவளிடம் காட்டிக்கொள்ளாதே. நேரில் பார்க்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து அழுதுகொள்ளுங்கள், நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டுப் பெரிய அம்மாளின் மகனிடம் இன்னொரு முறை லீவு கேட்டுப் பார். பத்து நாள் தராவிட்டால் நாலு நாள் கேள். அடுத்த மாதம் முதுகைப் படம் எடுத்துப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். சோப்பு வேண்டாம், துணி வேண்டாம், டானிக் வேண்டாம். பெட்டி கட்டுகிறேன் என்று நேரத்தை வீணாக்காதே. நீ வெறுங்கையோடு வா.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா